புலம்பற் பாடல்களில் வேண்டலும் அருளும்: தமிழாக்கத்தில் எழும் சில இலக்கணச் சிக்கல்கள்

எபிரேய மொழியிலமைந்த சங்கீத நூலின் 150 பாடல்களுள், துன்பத்தில் நின்ற தனியொருவர் இறைவனை நோக்கி முறையிடும் பாடல்களே எண்ணிக்கையால் மிகுந்தவை. நோய், பகை, பொய்ச்சான்று, நண்பரால் கைவிடப்படுதல், இறப்பின் அண்மை ஆகியன இவற்றின் பொருள். ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் குங்கெல் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவற்றைத் தனி இலக்கிய வகையாகப் பிரித்துக் காட்டினார். விளி, முறையீடு, வேண்டல், நம்பிக்கை கூறல், புகழ்ச்சி என்னும் உறுப்புகள் இவ்வகையில் பெரும்பாலும் அமைந்திருக்கும்; அவற்றின் வரிசை பாட்டுக்குப் பாட்டு மாறும். தமிழில் இவற்றைப் புலம்பற் பாடல்கள் எனலாம்.

பிற பழம்பனுவல்களுக்கில்லாத ஒரு பயன்பாடு இவற்றுக்கு உண்டு. படிப்பவர் இவற்றைப் பிறர் கூற்றாகப் படிப்பதில்லை. தம் கூற்றாகவே சொல்லுகின்றார். நோயுற்றவர் படுக்கையருகிலும் இறந்தவர் வீட்டிலும் படிக்கப்பெறும் பாடல்கள் இவை. இங்கு ஒரு வினைமுற்றின் காலத்தை மொழிபெயர்ப்பாளர் மாற்றினால், துயருற்ற ஒருவர் தம் வாயால் சொல்லப்போவது மாறுகிறது. 'கேளும்' என்பவர் இன்னும் இருளில் நிற்கிறார். 'கேட்டீர்' என்பவர் அதைக் கடந்துவிட்டார் அல்லது கடந்ததாக நம்புகிறார். இக்கட்டுரை இறையியல் பேச எழுந்ததன்று. மனமுறிவிலிருந்து எழும் வேண்டலும் அதற்கு எதிர்வரும் அருளும் மூலத்தில் எவ்விலக்கண வடிவங்களில் அமைகின்றன, அவை தமிழுக்கு வருங்கால் எவ்வாறு இடம்பெயர்கின்றன என்பதையே இது நோக்குகிறது.

ஏவலில் கலந்த அருள்

எபிரேயப் புலம்பலின் ஏவல் வினைகள் வெறும் ஏவல்களே. 'எழு', 'திரும்பு', 'பார்', 'விடை சொல்' என்பன போன்ற குறுகிய வடிவங்களே இறைவனை நோக்கி வருகின்றன. முன்னிலையில் மதிப்பு வேறுபாடு காட்டும் இடப்பெயர்கள் அம்மொழியில் இல்லை; அடிமையிடத்தும் அரசனிடத்தும் இறைவனிடத்தும் முன்னிலை ஒருமை ஒன்றே.

தமிழில் நிலைமை வேறு. நீ, நீர், நீங்கள், தேவரீர் என்னும் படிகளுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். கிறித்தவ வேண்டல் மொழியில் 'நீர்' நிலைபெற்றுவிட்டது. அதற்கேற்ற ஏவல் 'கேளும்', 'பாரும்' என 'உம்' ஈறு பெறும். இதில் பெரிய இழப்பில்லை. இழப்பு நேர்வது அடுத்த படியில். 'காத்தருளும்', 'செவிசாய்த்தருளும்', 'எழுந்தருளும்' எனத் துணைவினையாக 'அருள்' வந்து சேர்கிறது.

இத்துணைவினையின் வரலாறு கருதத்தக்கது. இறைவன், அரசன், ஆசிரியன் ஆகியோரை எழுவாயாகக் கொண்ட வினைகளோடு மட்டுமே இது சேரும். சோழர் கல்வெட்டுகளில் அரசன் அமர்வதும் ஆணையிடுவதும் இவ்வடிவில் வருவதை யாவரும் அறிவர். செயலைச் செய்பவரின் உயர்வு, அச்செயல் கேட்பவருக்குக் கொடையாக அமைதல் ஆகிய இரு பொருளையும் அது ஒருங்கே தருகிறது. எனவே 'காத்தருளும்' என்று வேண்டுபவர், காத்தல் நிகழ்ந்தால் அது அருளே என முன்னதாகவே ஒப்புக்கொண்டுவிடுகிறார். மூலத்தில் அருள் என்பது பாட்டின் பிற்பகுதியில் வரவேண்டியது, சிலபோது வராமலே போவது. தமிழிலோ அது முதல் ஏவலிலேயே துணைவினையாக வந்து அமர்ந்துகொள்கிறது. பதற்றம் தணிந்து பணிவு மேலோங்குகிறது.

44ஆம் பாடலின் இறுதிப் பகுதி இதற்குத் தக்க சான்று. போரில் தோற்றுச் சிதறிய மக்கள், தாங்கள் உடன்படிக்கையை மீறவில்லை என்று சொல்லி, இறைவன் உறங்குவது ஏன் என வினவி, விழிக்குமாறு கூவுகின்றனர். இக்கூவல் யூதர்க்கே இடர் தந்தது. எருசலேம் கோயிலில் லேவியர் நாள்தோறும் இவ்வடியைச் சொல்லி வந்தனர் என்றும், 'எழுப்புவோர்' எனப்பட்ட அவர்களை யோகனான் என்னும் தலைமைக் குரு நிறுத்தினார் என்றும் யூத மரபு கூறும். கி.பி. 200 அளவில் தொகுக்கப்பெற்ற மிஷ்னாவில் நிறுத்திய செய்தியும், தல்மூதில் அதன் காரணமும் உள்ளன. இறைவனுக்கு உறக்கமும் உண்டோ என்பதே அக்காரணம்.

தமிழ்க் காதுக்கு இதே அடி எவ்வாறு கேட்கும்? இறைவனைத் துயிலெழுப்புதல் நமக்கு அதிர்ச்சியன்று. அது ஓர் இலக்கிய வகை. திருப்பெருந்துறை இறைவனை மாணிக்கவாசகரும் திருவரங்கத்து இறைவனைத் தொண்டரடிப்பொடியாழ்வாரும் பள்ளியெழுச்சி பாடி எழுப்பியுள்ளனர். விடியற்காலையும் மலர்களும் அடியார் கூட்டமும் சூழ்ந்த மங்கல நிகழ்ச்சி அது. ஆகவே 44ஆம் பாடலில் 'பள்ளியெழுந்தருளும்' எனப் பெயர்த்தால், கைவிடப்பட்டோரின் கூச்சல் காலைப் பூசையாகிவிடும். 'எழுந்தருளும்' என்பதிலும் இதே இடர் உண்டு; திருவிழாவில் இறைவடிவம் தெருவுக்கு வருதலையே அது முதலில் நினைவூட்டும். 'விழியும்', 'எழும்' என்னும் வெற்று வடிவங்கள் இங்குப் பொருந்தும். அவை செவிக்குச் சற்றுக் கரடாக இருப்பது குறையன்று.

இதனால் மதிப்பு வடிவத்தையே விட்டு 'நீ' என்று அழைக்கவேண்டும் என்பது பொருளன்று. பக்திப் பனுவல்களில் 'நீ' நெருக்கத்தைக் காட்டும், சினத்தைக் காட்டவேண்டுமென்பதில்லை. மாறாக, தமிழில் மதிப்பு வடிவமே கசப்பைத் தாங்கவல்லது. கண்ணொளி இழந்த சுந்தரர் திருவாரூரில் பாடிய பதிகத்தில் இறைவனைப் பன்மையிலேயே விளித்து, வடிவால் வாழ்த்தாகவும் பொருளால் வசையாகவும் அமைந்த ஒரு தொடரைப் பாட்டுதோறும் திரும்பச் சொல்லுகிறார். வீட்டிலும் இதைக் காணலாம். சினம் முற்றிய மனைவி கணவனிடம் வழக்கத்தினும் மிகுந்த மரியாதையுடன் பேசத் தொடங்குவது நாம் அறியாததன்று. 'நீர்' இருக்கட்டும், 'அருளும்' மட்டும் தன் முறை வரும்வரை காத்திருக்கட்டும் என்பதே என் கருத்து.

தொல்காப்பியம் கூறும் ஈ, தா, கொடு வேறுபாடும் இங்கு நினைக்கத்தக்கது. இழிந்தோன் 'ஈ' என்றும், ஒப்போன் 'தா' என்றும், உயர்ந்தோன் 'கொடு' என்றும் இரப்பது மரபு என்பது அவ்விலக்கணம். வேண்டல்களில் நிலைபெற்றது 'தாரும்'. அந்நெறிப்படி அது ஒப்போன் சொல். அந்நூலே, தருதலும் வருதலும் தன்மை முன்னிலைகளுக்கு உரியன என்று பிறிதோரிடத்துக் கூறுகிறது. பிற்கால வழக்கில் இவ்விரண்டாம் நெறியே வென்றது எனலாம். 'தா' பேசுவோனை நோக்கி வரும் கொடையைக் காட்டும் சொல்லாக நின்றது. எபிரேயத்தில் 'எழு', 'திரும்பு' போன்ற ஏவல்கள் இறுதியில் ஓர் ஆகாரம் ஏற்று நீளுவதுண்டு. அந்நீட்சி, செயல் பேசுவோனை நோக்கி வருவதைக் குறிக்கும் என்று அறிஞர் சிலர் கருதுவர். அது சரியாயின் 'வந்து காரும்', 'கேட்டு விடை தாரும்' என வா, தா என்னும் வினைகளைத் துணைக்கொள்வது 'அருளும்' சேர்ப்பதைவிட மூலத்துக்கு நெருங்கியது.

கிருபை, பேரன்பு, கண்ணோட்டம்

வேண்டுவோர் எதைச் சொல்லி வேண்டுகின்றனர் என்பது அடுத்த வினா. 6ஆம் பாடலிலும் 44ஆம் பாடலிலும் 'ஹெஸெத்' என்னும் சொல்லைக் காரணமாகக் காட்டி வேண்டுகின்றனர். இச்சொல் எபிரேய வேதத்தில் ஏறத்தாழ 250 முறை வருகிறது. அவற்றுள் பாதியளவு சங்கீதங்களில்தான். 136ஆம் பாடலின் 26 அடிகளும் இச்சொல்லைக் கொண்டே முடிகின்றன.

கிரேக்கப் பெயர்ப்பாளர் இதனை இரக்கம் என்றே பெரும்பாலும் கொண்டனர். இலத்தீனும் அவ்வழியே சென்றது. 1927இல் நெல்சன் குளூக் வெளியிட்ட ஆய்வு இப்பொருளை மறுத்தது. முன்னமே உறவு பூண்டோர் ஒருவருக்கொருவர் ஆற்றவேண்டிய கடப்பாட்டையே ஹெஸெத் குறிக்கும் என்றார் அவர். கடப்பாட்டை அவர் மிகைப்படுத்திவிட்டார் என்று பின்வந்தோர் திருத்தினர். 1978இல் காதரின் சாக்கன்ஃபெல்டு எழுதிய நூல், உதவ வல்லவன் உறவின் பொருட்டு, ஆனால் கட்டாயமின்றி, வறியவனுக்குச் செய்யும் உதவி என்னும் நடுநிலைக்கு அதனைக் கொண்டுவந்தது. எவ்வாறாயினும் அது முன்பின் அறியாதவனிடம் தோன்றும் இரக்கமன்று. எனவே ஹெஸெத்தின் பெயரால் வேண்டுவோர் கெஞ்சுவதோடு நில்லாமல் உறவை நினைவூட்டவும் செய்கின்றனர்.

பழைய தமிழ்ப் பெயர்ப்பு மரபு இச்சொல்லுக்குக் 'கிருபை' என்றது. புதிய ஏற்பாட்டின் 'காரிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கும் அதுவே. உரிமையற்றோர்க்குத் தகுதி நோக்காது தரப்படுவது காரிஸ். உறவுற்றோர் நினைவூட்டிக் கேட்கக்கூடியது ஹெஸெத். இரண்டும் ஒரு சொல்லில் அடங்கியதால், தமிழ் வாசகருக்குப் புலம்பற் பாடல்களின் வழக்காடும் தொனி பெரிதும் மறைந்தது. கிருபையை யாரும் உரிமையாகக் கேட்க இயலாதன்றோ! 1995இல் வெளிவந்த திருவிவிலியம் இவ்விரண்டையும் பிரித்து, ஹெஸெத்துக்குப் 'பேரன்பு' எனவும் காரிஸுக்கு 'அருள்' எனவும் கொண்டது நல்ல முன்னேற்றம். ஆயினும் பேரன்பு என்பது அளவைச் சுட்டுகிறதேயன்றி உறவைச் சுட்டவில்லை.

'கிருபை' என்னும் சொல்லின் பிறப்பு ஒரு வியப்பைத் தருகிறது. வடமொழியில் 'கிருபா' என்பதனோடு தொடர்புடைய 'க்ருப்' என்னும் வினையடி வேதமொழியில் புலம்புதல், ஏங்குதல் என்னும் பொருள்களில் வழங்கியது. இரங்கத்தக்கவனைக் குறிக்கும் 'கிருபண' என்பதும் இவ்வினத்ததே. புலம்பலைக் குறித்த அடி, புலம்பலைக் கேட்டவரிடத்துத் தோன்றும் இரக்கத்தின் பெயராயிற்று. தமிழிலும் 'இரங்கு' என்னும் வினை ஒலித்தல், அழுதல், மனமிளகுதல் ஆகிய மூன்றையும் குறிப்பதைக் காண்க. இது பொருள் மாற்ற ஆய்வாளர்க்குச் சுவையானது. பெயர்ப்பாளர்க்கு நேரடிப் பயனில்லை.

தமிழில் ஹெஸெத்துக்கு மிக நெருங்கிய சொல் குறளில் உள்ளது. அது அன்பும் அன்று, துறவறவியலில் வைக்கப்பட்ட அருளும் அன்று. அரசியலில் தனி அதிகாரம் பெற்ற கண்ணோட்டமே அது. தன்னொடு பழகியவரைக் கண்டால் அவர் சொல்லை மறுக்கமாட்டாத தன்மை என்று பரிமேலழகர் அதற்கு விளக்கம் தருவார். அரசனுக்குரிய பண்பு, பழகியோர் மேல் செல்வது, கட்டளையால் வாராதது என்னும் மூன்றும் ஹெஸெத்தோடு பொருந்துகின்றன. ஆனால் இன்று 'கண்ணோட்டம்' என்றால் பார்வைக் கோணம் என்றே எவரும் கொள்வர். 'உம் கண்ணோட்டத்தின் பொருட்டு எம்மை மீளும்' என்று எழுதினால் திறனாய்வுக் கட்டுரையின் வாடை வீசும். சில சொற்கள் நம்மிடம் இருந்தும் இல்லாதவை. 'மாறாத உறவன்பு' என்பது போன்ற தொடரால் ஒருவாறு ஈடுசெய்யலாமேயன்றி, 26 முறை பல்லவியாய்ப் பாடத்தக்க ஒரு சொல்லாக அது அமையாது.

இறந்தகாலத்தில் வரும் மீட்பு

புலம்பற் பாடல்களின் தனிப்பெருஞ் சிக்கல் அவற்றின் திருப்பம். 6ஆம் பாடலில் ஒருவர் இரவெல்லாம் கண்ணீரால் படுக்கையை நனைக்கிறார். அடுத்த அடியிலேயே பகைவரை விலகச் சொல்லி, இறைவன் தம் அழுகையைக் கேட்டதாக இறந்தகாலத்தில் இருமுறை கூறுகிறார். உடனே மூன்றாவது வினை எதிர்காலப் பொருளுக்குரிய வடிவில் வருகிறது. இடையில் என்ன நிகழ்ந்தது என்று பாட்டு சொல்லவில்லை.

இதற்கு விளக்கம் தேடிய யோவாக்கிம் பெக்ரிஹ் 1934இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார். முறையீடு முடிந்ததும் கோயிற்குரு இறைவன் பெயரால் 'அஞ்சாதே' என்பது போன்ற மீட்புரை ஒன்றைச் சொல்லியிருப்பார். அதனைக் கேட்டபின் எழுந்ததே புகழ்ச்சி என்பது அவர் கருத்து. அக்குருவின் சொல் பாட்டில் எழுதப்பெறவில்லை. சாமுவேல் முதல் நூலில் அன்னாள் கதை இதற்குத் துணையாகக் காட்டப்பெறும். பிள்ளையின்றி அழுத அன்னாளிடம் ஏலி என்னும் குரு அமைதியுடன் செல்லுமாறு கூறுகிறார். பிள்ளை பிறக்கும் முன்னரே அவள் முகம் தெளிகிறது. பெக்ரிஹ் பயன்படுத்திய ஜெர்மானியக் கலைச்சொல்லுக்குத் தமிழில் புதுச்சொல் படைக்க வேண்டுவதில்லை. 'அருள்வாக்கு' என்பது நாட்டார் கோயில்களில் இன்றும் வழங்கும் சொல். வாக்குக் கேட்டுத் திரும்புவோர் முகத்தைக் கண்டவர்க்கு இக்கருதுகோள் அயலாகத் தோன்றாது. எனினும் சான்று பாட்டுக்கு வெளியே உள்ளது; மாற்றம் வேண்டுவோர் உள்ளத்துள்ளேயே நிகழ்ந்தது என்போரும் உளர்.

இறந்தகாலம் ஒரே சொல்லில் நெருங்கி நிற்கும் இடம் 22ஆம் பாடலின் 21ஆம் வசனம். சிங்கத்தின் வாயினின்று காக்குமாறு ஏவலில் தொடங்கும் அடி, காட்டெருதின் கொம்புகளைச் சொல்லி, 'அனீதானி' என்னும் வினையில் முடிகிறது. 'நீர் எனக்கு விடை தந்தீர்' என்பது அதன் நேர்ப்பொருள். ஏவலில் எழுந்த மூச்சு முடியுமுன்பே விடை வந்துவிட்டது. இதை ஏற்க இயலாதோர் பலர். கிரேக்கப் பெயர்ப்பு அச்சொல்லை வேறாகப் படித்து 'என் தாழ்நிலை' என்று பெயராக்கியது. 1611ஆம் ஆண்டு ஆங்கிலப் பெயர்ப்பு இறந்தகாலத்தைக் காத்தது. 1952இல் வந்த ஆங்கிலத் திருத்தம் 'துயருற்ற என் உயிர்' என்று கொண்டு அடியை வேண்டலாகவே முடித்தது. 1989இல் மீண்டும் இறந்தகாலம் திரும்பியது. மோசஸ் பட்டன்வீசர் 1938இல் வெளியிட்ட உரையில் இத்தகைய வினைகளை வடிவால் இறந்தகாலம், பொருளால் வேண்டல் என்று கொண்டார். தமிழின் பழைய பெயர்ப்பு இவ்விடத்தில் 'செவிகொடுத்தருளினீர்' என்கிறது. 'அருள்' தன் முறை வந்தபின் வந்து நிற்கும் இடம் இதுவே. அப்பெயர்ப்பாளரின் செவி கூர்மையானது.

இறந்தகாலத்தை வேண்டலாக மாற்றுவோர், நடவாத ஒன்றை நடந்ததாகச் சொல்லுதல் மொழியியல்புக்கு ஒவ்வாது என எண்ணுகின்றனர் போலும். தமிழிலக்கணம் அவ்வாறு கருதவில்லை. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் ஒருகாலம் பிறிதொரு காலமாக வரலாம் என்பது நன்னூல் வகுத்த காலவழுவமைதி. தொல்காப்பியத்திலும் இதற்கு மூலம் உண்டு. இன்னும் உள்ளேயிருப்பவன், வெளியே அழைப்போனிடம் 'வந்தேன்' என்பது விரைவு. எறும்புகள் முட்டையைச் சுமந்து மேடேறக் கண்டவன் 'மழை பெய்தது' என்பது தெளிவு. இப்பின்னது உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. வானத்திலிருந்து ஒருதுளியும் விழவில்லை. ஆயினும் அவன் கூற்றைப் பொய்யென்று எவரும் கூறார்.

எபிரேய இலக்கணிகள் சிலர் நம்பிக்கையின் இறந்தகாலம் என்று பெயரிட்டது இதனையே. ஆகவே தமிழ்ப் பெயர்ப்பாளர் இவ்விடங்களில் மூலத்தின் காலத்தை அஞ்சாது காக்கலாம். அதை ஏற்கும் இடம் நம் இலக்கணத்தில் முன்னமே உள்ளது. இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் வேண்டும். ஒன்று, 'ஆகையால்', 'இப்போதோ' போன்ற இணைப்புச் சொற்களைப் புகுத்தித் திருப்பத்தை விளக்கிவிடலாகாது. மற்றொன்று, 'கேட்டுவிட்டீர்' என விடு என்னும் துணைவினையைச் சேர்க்கலாகாது. அது செயலை முடித்துக் கதவடைத்துவிடும். 'கேட்டீர்' என்னும் தனிவினையோ, நடந்துமுடிந்ததையும் நடக்கும் என்னும் தெளிவையும் ஒருங்கே தாங்கும். படுக்கையில் கிடப்பவர் இரண்டில் எதைக் கருதிச் சொல்லுகிறார் என்பது அவருக்கே விடப்பட்டது.

திரும்பாத பாடல்

எல்லாப் புலம்பல்களும் திரும்புவதில்லை. 88ஆம் பாடலில் விடை இல்லை, புகழ்ச்சி இல்லை. அதன் இறுதிச்சொல் இருளிடம் என்னும் பெயர். அன்பரும் தோழரும் அகற்றப்பட்டனர் என்று சொல்லிவந்த அடி, அறிமுகமானவர் என்னும் சொல்லையும் இருள் என்னும் சொல்லையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு நின்றுவிடுகிறது. அறிமுகமானோர் இருளுக்குள் மறைந்தனரா, இருளே அறிமுகமானவர் ஆயிற்றா என்பது தெளிவில்லை.

தமிழில் வினைமுற்று இறுதியில் நிற்பது பெருவழக்காதலின், பெயர்ப்பாளர் கை தானாகவே ஒரு வினையைச் சேர்க்கும். அவ்வாறு சேர்த்தால் பாட்டு ஒரு செயலோடு முடியும். மூலம் முடிவது ஓரிடத்தில். பெயர்ப்பயனிலை தமிழுக்கு இயல்பானதே. 'எனக்கு அறிமுகமாயிருப்பது இருள்' என்றோ, இன்னும் சுருக்கமாகவோ முடிக்க எத்தடையுமில்லை. ஆறுதல் தரும் பொருட்டு இங்கு ஒரு சொல்லைக் கூட்டுவது, ஆறுதலின்றி இருப்பவரிடமிருந்து அவருக்கு உரிய ஒரே பாட்டைப் பறிப்பதாகும்.

ஆயினும் மீட்பு என்னும் சொல் இப்பாட்டில் ஒருமுறை வருகிறது, தொடக்க விளியில். எபிரேயத்தில் அது பெயரொடு பெயர் சேர்ந்த தொடர், காலம் காட்டாது. தமிழில் இயல்பாக எழுதினால் பெயரெச்சம் வரும். பெயரெச்சம் காலம் காட்டும். 'என்னை மீட்ட இறைவா' என்றால் பாட்டு முழுதும் பொய்யாகிவிடும். 'மீட்கின்ற' என்பதும் அவ்வாறே. 'என் மீட்பின் இறைவா' என்பது காலம் காட்டாது, ஆனால் பெயர்ப்பு வாடை உடையது. 'என்னை மீட்கும் இறைவா' என்பதில் 'உம்' ஈற்றுப் பெயரெச்சம் வழக்கத்தையும் காட்டும், எதிர்காலத்தையும் காட்டும். வழக்கமாக மீட்பவர் இம்முறை மீட்கவில்லை என்ற குற்றச்சாட்டையும், இனி மீட்கக்கூடும் என்ற எதிர்நோக்கையும் அது பிரிக்காமல் வைத்திருக்கிறது. இவற்றுள் நான் தேர்வது இதனையே.